மின்சாரப் படிப்பும் கூலிக் கணக்கும்

நம் இளைய மகள் 2025ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தேறினாள். கணிதத்திற்கு நூறு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று பொறியியல் கலந்தாய்வுக்குக் கணக்கிடும் முறையில் அவளுக்கு 200க்கு 186 வந்தது. அன்றிரவு உண்டு முடித்துச் சுப்ராவை மடித்துக்கொண்டிருந்தபோது, "வாப்பா, நான் எலக்ட்ரிகல் படிக்கலாமென்று இருக்கிறேன்" என்றாள்.

வீட்டில் ஒரு கணம் பேச்சற்றுப் போயிற்று. அவளுடைய உம்மா, "பெண் பிள்ளை கம்பத்தில் ஏறவா போகிறது?" என்றார். விருந்துக்கு வந்திருந்த மச்சான் நகைத்துவிட்டு, "அது கிடக்கட்டும். அதில் என்ன சம்பளம் வரும்? கம்ப்யூட்டர் என்றால் கைமேல் காசு" என்றார். இருவரும் நம் முகத்தைப் பார்த்தனர். ஊரில் எவர் வந்து எந்தப் படிப்பைப் பற்றிக் கேட்டாலும் தயங்காது விடையிறுக்கும் வழக்கமுடைய நாம், அன்று, "பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்" என்று கூறிவிட்டுக் கைகழுவ எழுந்துவிட்டோம்.

காரணம் உண்டு. இதே கேள்விக்கு 2016ஆம் ஆண்டில் வேறொரு வீட்டுப் பிள்ளைக்கு நாம் விடை சொல்லியிருந்தோம்.

அதைச் சொல்லுமுன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்நாளில் மின்சாரத்தைப் பற்றி நாம் அறிந்திருந்ததெல்லாம் அதன் பெயர் ஒன்றுதான். அரபியில் அதனைக் 'கஹ்ரபா' என்பர். பாரசீக மொழியில் 'காஹ்' என்றால் வைக்கோல்; 'ருபா' என்றால் கவர்வது. பழங்காலத்து மரப்பிசின் இறுகிக் கல்லாகிப்போன மஞ்சள் மணியைத் துணியில் தேய்த்தால் அது வைக்கோல் துரும்பைத் தன்பால் இழுக்கும். ஆகவே அம்மணிக்கு வைக்கோல் கவர்வது என்று பெயர். கிரேக்கர் அதே மணியை 'எலக்ட்ரான்' என்றனர். ஐரோப்பியர் மின்சாரத்திற்கு அங்கிருந்து பெயரெடுத்தனர். அரபியர் பாரசீகத்திலிருந்து எடுத்தனர். இரு பெயர்களும் ஒரே துரும்பின் கதைதான். பொறியாளனை 'முஹந்திஸ்' என்கிறோமே, அதுவும் பாரசீகத்து 'அந்தாஸா' என்னும் சொல்வழி வந்தது. அளவு என்பது அதன் பொருள். அளக்கத் தெரிந்தவன் முஹந்திஸ். இவற்றையெல்லாம் வகுப்பில் சுவையாகச் சொல்லிப் பிள்ளைகளை வியக்க வைத்துவிட்டு, அதனாலேயே அத்துறையில் அறிவுரை கூறவும் நமக்குத் தகுதி வந்துவிட்டதென்று எண்ணியிருந்தோம் போலும்.

நம் மக்தபில் ஓதிய சகோதரர் இருவர். தகப்பனார் இளவயதிலேயே மவுத்தாகிவிட்டார். தாயார் இடியாப்பம் அவித்து விற்றும், தையல் தைத்தும் அவர்களையும் ஒரு பெண்ணையும் வளர்த்தார். மூத்தவன் படிப்பில் கெட்டி. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் வழங்கப்பட்டுவரும் 3.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில், 2012இல் மின்னியல் மின்னணுவியல் பொறியியலில் இடம் பெற்றான். வங்கியில் கல்விக்கடன் நான்கு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறியது. இளையவன் பத்தாவதோடு புத்தகத்தை மூடிவிட்டு, ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் தொழிலை ஈராண்டு பயின்றான்.

2016இல் மூத்தவன் கையில் இரண்டு கடிதங்களோடு தாயாரும் பிள்ளையுமாக நம்மிடம் வந்தனர். ஒன்று, மின்மாற்றி செய்யும் தொழிற்சாலையொன்றில் சோதனைப் பிரிவில் பயிலுநர் வேலை. மாதம் 11,000 ரூபாய். மற்றொன்று பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்றின் வேலை. ஆண்டுக்கு 3 இலட்சத்து 36 ஆயிரம், அதாவது பிடித்தங்களுக்கு முன் மாதம் 28,000. "ஹஜ்ரத், நீங்கள் சொன்னால் சரி" என்றார் அந்தத் தாயார். பையன் தரையைப் பார்த்து நின்றான். அவன் முதற்கடிதத்தை மேலேயும் இரண்டாவதைக் கீழேயும் வைத்துப் பிடித்திருந்ததை நாம் கண்டோம். கண்டும் அதற்குப் பொருள் கொள்ளவில்லை. கடனைச் சொன்னோம், தங்கையின் நிக்காஹைச் சொன்னோம், பதினோராயிரத்தையும் இருபத்தெட்டாயிரத்தையும் கூட்டிக் கழித்துக் காட்டினோம். அவன் சென்னைக்குப் போய்க் கணிப்பொறிமுன் அமர்ந்தான்.

நம் கணக்கில் தவறில்லை. நான்காண்டுகளில் கடன் அடைந்தது. 2018இல் தங்கையின் நிக்காஹ் நல்ல முறையில் நடந்தது. நாமே குத்பா ஓதினோம். ஆயின் அந்தக் கணக்கு முதல் மாதத்துக் கணக்கு. பத்தாவது ஆண்டின் கணக்கை நாம் போட்டுப் பார்க்கவே இல்லை.

மகள் கேட்ட மறுநாள் தொடங்கி ஒரு மாத காலம் நாம் பலரைக் கண்டு பேசினோம். மூத்தவனிடம் தொலைபேசியில் நெடுநேரம் கேட்டோம். அவனுடன் படித்து, அவன் விட்ட வேலையையே பற்றிக்கொண்ட சேலத்துப் பிள்ளை ஒருவரிடமும் அவன் வழியாகப் பேசினோம். இவர்களிடமும், ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர் ஒருவரிடமும் கேட்டறிந்தவற்றையே இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு விந்தை. மின்பொறியியல் படித்தவனுக்குத் தொடக்கத்தில் கூலி ஏன் இவ்வளவு குறைவு? ஆட்கள் மிகுதி என்பது ஒரு விடை. தமிழகத்தில் ஒரு காலத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பொறியியற் கல்லூரிகள் இருந்தன, பெரும்பாலானவற்றில் இந்தப் பிரிவும் இருந்தது. சட்டப்படி பட்டதாரிப் பயிலுநருக்குக் கொடுக்க வேண்டிய குறைந்த உதவித்தொகையே 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 9,000 ரூபாய்தான். ஆனால் ஓய்வுபெற்ற பெரியவர் வேறொரு விடை சொன்னார். "ஹஜ்ரத், புதிதாக வருபவனிடம் 230 கிலோவோல்ட் நிலையத்தின் சாவியை எவன் கொடுப்பான்? மென்பொருளில் பிழை வந்தால் அழித்து எழுதலாம். இங்கே பிழை வந்தால் ஆளே எழமாட்டான். ஆகவே முதல் நான்கைந்தாண்டு அவன் கற்கிறான்; கற்பதற்குத் தருகிற காசு சிறிதாகத்தான் இருக்கும். பிறகுதான் அவனுக்கு விலை."

இந்த விலை என்பதைப் புரிந்துகொள்ள, அவர் நமக்கு 'ரிலே' என்னும் கருவியைப் பற்றி விளக்கினார். மின்கம்பி ஒன்றில் பழுது நேர்ந்தால், அதனை உணர்ந்து, அந்தக் கம்பியை மட்டும் உடனே துண்டிக்குமாறு ஆணையிடுவது ரிலே, துண்டிப்பது பிரேக்கர். நம் நாட்டு மின்னோட்டம் ஒரு நொடிக்கு ஐம்பது முறை அலைபாய்கிறது. ஓர் அலைக்கு ஐம்பதில் ஒரு பங்கு நொடி. பெரிய நிலையங்களில் சில அலைகளுக்குள் துண்டிப்பு முடிந்துவிட வேண்டும். எவ்வளவு மின்னோட்டத்தில், எவ்வளவு தூரத்துப் பழுதுக்கு, எத்துணைக் கணம் பொறுத்து என்பதையெல்லாம் முன்கூட்டியே கணக்கிட்டு அந்தக் கருவிக்குள் வைப்பவன் பாதுகாப்புப் பொறியாளன். அவன் தாமதமாக வைத்தால் மின்மாற்றி எரியும். அவசரப்பட்டு வைத்தால் காரணமின்றி ஊர் இருளும்.

2012ஆம் ஆண்டு ஜூலை 30, 31 ஆகிய இரு நாட்களில் வடஇந்தியா இருண்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இரண்டாம் நாள் ஏறத்தாழ 60 கோடி மக்களின் பகுதிகளில் மின்சாரம் இல்லை. தொடக்கம் பீனா–குவாலியர் என்னும் 400 கிலோவோல்ட் மின்வழி ஒன்று துண்டிக்கப்பட்டது. அந்த வழியில் பழுது ஏதுமில்லை. அளவுக்கு மீறிய சுமை இருந்தது. ரிலே அந்தச் சுமையைப் பழுதென்று எடுத்துக்கொண்டது. தென்னகம் தப்பியதற்குக் காரணம், நமது மின்கட்டமைப்பு அப்போது வடக்கோடு ஒரே ஓட்டமாய் இணையாமல் இருந்தது. 2013 டிசம்பர் 31இல்தான் ராய்ச்சூர்–சோலாப்பூர் வழியே இணைந்தது. இதைக் கேட்டபோது முஹந்திஸ் என்னும் சொல்லை நாம் இத்தனை ஆண்டுகள் பொருள் தெரியாமலே சொல்லிக்கொடுத்து வந்தோமோ என்று தோன்றியது.

சேலத்துப் பிள்ளை 11,000 ரூபாயில் மின்மாற்றிகளைச் சோதிக்கத் தொடங்கினார். மூன்றாண்டு கழித்து 22,000. அதுவரை ஊரில் அவருக்குப் பெண் கொடுக்க எவரும் முன்வரவில்லையாம், சிரித்துக்கொண்டே சொன்னார். பின்னர் துணை மின்நிலையங்களைக் கட்டி முடித்ததும் ஒவ்வொரு கருவியாகச் சோதித்து இயக்கி வைக்கும் வேலைக்குப் போனார். தொழிலில் இதைக் 'கமிஷனிங்' என்பர். வெயிலும் தூசியும் ஊர் ஊராய் அலைச்சலுமான வேலை. 2022இல் சவூதி சென்றார்; இப்போது மாதம் 8,000 ரியால். மூத்தவன் 2024இல் 90,000 ரூபாய் வரை உயர்ந்திருந்தான். அவ்வாண்டிலேயே அவன் பணிக்குழு கலைக்கப்பட்டது. நான்கு மாதம் வேலையின்றி இருந்து, குறைந்த ஊதியத்தில் வேறிடம் சேர்ந்தான்.

இதை வைத்து மென்பொருள் தாழ்ந்தது, மின்சாரம் உயர்ந்தது என்று எவரும் முடிவு கட்டிவிட வேண்டாம். மென்பொருள் துறையில் திறமையால் மேலே சென்றவர்கள் பலர். மின்துறையில் இருபதாயிரத்திலேயே பத்தாண்டு நின்றுவிட்டவர்களும் பலர். ஆயினும் ஒன்று மெய். பெரிய மென்பொருள் நிறுவனங்கள் புதியவர்க்குத் தரும் ஊதியம் பத்தாண்டுக்கு மேலாக மூன்று, மூன்றரை இலட்சத்தைச் சுற்றியே நின்றுகொண்டிருக்கிறது. அரிசி விலை அப்படி நிற்கவில்லை. மச்சான் சொன்ன கைமேல் காசு அன்றைய காசு.

மூத்தவன் நம்மை ஒரு சொல்லாலும் குறை கூறவில்லை. "நீங்கள் சொன்னதால்தான் தங்கச்சி நிக்காஹ் நடந்தது ஹஜ்ரத்" என்றான். சற்றுப் பொறுத்து, "பெருநாளைக்கு ஊருக்கு வந்தபோது எங்கள் தெரு முனை டிரான்ஸ்பார்மர் ஒரு மாதிரியாக இரைந்தது. உம்மா, 'நீ படித்தது இதுதானே, ஏன் இரைகிறது, சொல்' என்றார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை" என்றான். அதற்குமேல் இருவரும் பேசவில்லை.

அரசுப் பணிகளைப் பற்றியும் விசாரித்தோம். நம் சமுதாயத்தில் இவற்றை நாடுவோர் குறைவென்பதால் சற்று விரித்தே சொல்கிறோம். பைக்காராவில் 1932இலும் மேட்டூரில் 1937இலும் நீர்மின்சாரம் எடுக்கத் தொடங்கிய மாநிலம் நம்முடையது. 1957 ஜூலை முதல் நாள் மின்சார வாரியம் அமைந்தது. 2010இல் அது பிரிந்து கழகங்களாயிற்று. 2024இல் உற்பத்தி, பகிர்மானம், பசுமை ஆற்றல் என்று மீண்டும் பிரிந்தது. 2020ஆம் ஆண்டு அறிவிப்பொன்றில் உதவிப் பொறியாளருக்கு மாத ஊதிய விகிதம் 39,800 முதல் 1,26,500 ரூபாய் வரை என்றிருந்தது. நடுவண் அரசின் பொதுத்துறை நிறுவனங்களில், 2017 ஜனவரி முதல் கணக்கிடப்பட்ட ஊதியத் திருத்தத்தின்படி, அதிகாரிகளின் முதற்படிக்கு 40,000 முதல் 1,40,000 வரையும், இரண்டாம் படிக்கு 50,000 முதல் 1,60,000 வரையும் விகிதம், படிகள் தனி. அனல்மின் நிலையங்களை நடத்தும் நிறுவனமும், நாடு முழுவதும் உயரழுத்தக் கம்பிகளை நிறுத்தியிருக்கும் நிறுவனமும் 'கேட்' எனப்படும் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டே புதிய பொறியாளர்களை எடுத்துவருகின்றன. அத்தேர்வில் மின்பொறியியலுக்குத் தனித்தாள் உண்டு. கல்லூரியின் பெயரை அங்கே எவரும் கேட்பதில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நேர்மையான வாயில் இல்லை என்பது நம் கருத்து. ஆனால் அரசு வேலைக்குக் காத்திருப்பது வேறொரு சோதனை. அறிவிப்பு வரும், விண்ணப்பம் போகும், ஆண்டுகள் ஓடும், தேர்வே நடவாமல் அறிவிப்புத் திரும்பப் பெறப்படுவதும் உண்டு. கையில் வேறொரு வேலையை வைத்துக்கொண்டே காத்திருப்பது நல்லது.

நம் மாவட்டத்துக் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 25 இலட்சம் பலகைகள். எட்டே மாதத்தில் கட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தனர். அப்போது ஊரிலிருந்த இளைஞர்கள் இனி வேலைக்குப் பஞ்சமில்லை என்று மகிழ்ந்தனர். கட்டி முடிந்ததும் கூட்டம் கலைந்தது. பலகையைத் துடைப்பதையும் இயந்திரமே செய்கிறது. கட்டும் வேலை வேறு, காக்கும் வேலை வேறு; விளம்பரத்தில் வரும் வேலை எண்ணிக்கை பெரும்பாலும் கட்டும் வேலையினுடையது. கட்டுபவன் அடுத்த இடத்துக்குப் பெயர்ந்துகொண்டேயிருக்கச் சித்தமாயிருத்தல் வேண்டும்.

வளைகுடாவைப் பற்றிப் பேசாமல் நம் ஊரில் எந்தத் தொழிற்பேச்சும் முடிவதில்லை. பொறியாளராகப் போக விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2018இல் குவைத் அரசு, பொறியாளர் என்னும் பெயரில் பணி அனுமதி வேண்டுமாயின் அந்நாட்டுப் பொறியாளர் சங்கத்தின் ஒப்புதல் வேண்டுமென்றது. இந்தியப் பட்டமாயின் படித்த பிரிவுக்கு என்.பி.ஏ. எனும் அங்கீகாரம் இருக்க வேண்டுமென்றது. பல்லாண்டு அங்கே பொறியாளராயிருந்தவர்கள், தாங்கள் படித்த கல்லூரிக்கு அது இல்லாமையால் வேறு பதவிப் பெயரில் அனுமதி மாற்றிக்கொள்ள நேர்ந்தது. கல்லூரி முழுமைக்கும் அந்த அங்கீகாரம் கிடைப்பதன்று. ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே கிடைப்பது. சேரும்போது கட்டடத்தையும் பேருந்தையும் பார்க்கும் பெற்றோர் இதையும் கேட்டுவிடுதல் நலம்.

இனி இளையவன். அவன் 2015இல் துபாய் சென்றான். மாதம் 1,300 திர்ஹம் என்றே முகவர் சொல்லியிருந்தார். ஒப்பந்தத்தில் அடிப்படைக் கூலி 800 என்றும் மீதி படி என்றும் எழுதியிருந்ததை அவன் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அதன் பொருள் விளங்கியிராது. பணிமுடிவில் தரப்படும் தொகை அடிப்படைக் கூலியின் மேல்தான் கணக்கிடப்படும்: முதல் ஐந்தாண்டுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாட்கூலி, அதன்பின் ஆண்டுக்கு 30 நாட்கூலி. ஆறாண்டு உழைத்தவனுக்கு 800இன் மேல் 3,600 திர்ஹம் வந்தது. 1,300இன் மேல் கணக்கிட்டிருந்தால் 5,850 வந்திருக்கும். ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்களில் 'இஜாரா'ப் பகுதியை ஓதிக் கொடுக்கும்போது, கூலி இன்னதென்று தெளிவாக அறியப்பட்டிருத்தல் ஒப்பந்தம் செல்லுபடியாவதற்கு நிபந்தனை என்று ஆண்டுதோறும் சொல்கிறோம். அந்தப் பாடத்தை ஓதிய பிள்ளைகளுக்கேனும், 'வேலைக்குப் போகுமுன் ஒப்பந்தத்தை எடுத்து வா, சேர்ந்து படிப்போம்' என்று நாம் ஒருநாளும் சொன்னதில்லை.

2021இல் திரும்பி வந்தவன் வீட்டில் உட்காரவில்லை. மின் உரிம வாரியத்தின் கம்பியாள் தகுதிச் சான்றிதழைப் பெற்றான். 'பி' சான்றிதழ் என்பார்கள். கண்காணிப்பாளருக்கு 'சி', உதவியாளருக்கு 'எச்'. சான்றிதழ் இல்லாமல் ஊரெல்லாம் வேலை செய்பவர்கள் உண்டு. விபத்து நேரும்வரை எவரும் கேட்பதில்லை. கடைத்தெருவில் சிறிய அறை எடுத்து மோட்டார் சுற்றுவது, வீட்டுக்குக் கம்பி இழுப்பது என்று தொடங்கினான். 2024 பிப்ரவரியில் நடுவண் அரசு வீட்டுக்கூரைச் சூரியமின் திட்டத்தைக் கொண்டுவந்து, மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றதும், அந்த வேலையைக் கற்றுக்கொண்டான். இப்போது நான்கு பையன்கள் அவனிடம். செலவு போக அவன் எடுப்பது அண்ணன் எடுப்பதற்குக் குறைவில்லை என்று தாயாரே நம்மிடம் சொன்னார். சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். மூத்தவனை 'எஞ்சினியர் மகன்' என்று உரக்கச் சொல்லும் வாய் அது. பட்டத்துக்கு உரிய மதிப்பு வேறு, கைத்தொழிலுக்கு உரிய மதிப்பு வேறு என்று அவருக்குக் கற்பித்தது நாமெல்லோரும்தான்.

நாமும் என்று எழுதியதற்குச் சான்று கூற வேண்டும். 2022இல் ரமளானுக்கு ஒரு வாரம் முன்பு நம் மஹல்லாப் பள்ளிவாசலின் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துவிட்டது. ஹவ்ளில் நீரில்லை. இளையவனை அழைத்தோம். இரவோடிரவாகக் குழாயை உருவி, மோட்டாரைக் கழற்றி, எரிந்த சுருளை அறுத்தெடுத்து, புதுச் செப்புக்கம்பி சுற்றி, மூன்றாம் நாள் ஃபஜ்ருக்கு நீர் ஏற்றிவிட்டான். பொருளுக்கு ஆன செலவு போகத் தன் கூலி 3,500 என்றான். கணக்குப் பொறுப்பு அப்போது நம் கையில். 'பள்ளி வேலைதானே தம்பி, அல்லாஹ்விடம் நன்மை இருக்கிறது' என்று கூறி 2,000 கொடுத்தோம். அவன் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டான். நாமும் பள்ளிப் பணத்தில் 1,500 மிச்சம் பிடித்த மனநிறைவோடு வீட்டுக்கு வந்தோம்.

அரபியில் 'உஜ்ரத்' என்றால் கூலி. 'அஜ்ர்' என்றால் மறுமையில் கிடைக்கும் நற்கூலி. வேர் ஒன்றுதான். அவன் உஜ்ரத் கேட்டான். நாம் அஜ்ரைக் காட்டிக் கழித்துக்கொண்டோம். இதைச் செய்தவர் யார்? 1993இல் மதரஸாவில் மாதம் 450 ரூபாய்க்குச் சேர்ந்து, சம்பள உயர்வு கேட்கும்போதெல்லாம் 'ஓதிக்கொடுப்பதற்கு அல்லாஹ் தருவான் ஹஜ்ரத்' என்ற விடையை வாங்கி வாங்கி உள்ளம் கசந்தவர். அந்தக் கசப்பை எத்தனையோ முறை நண்பர்களிடம் கொட்டியிருக்கிறோம். அது நம் நாவிலிருந்தே வேறொருவனுக்குப் போனபோது நமக்கு உறைக்கவில்லை. தமிழிலும் பாருங்கள்: 'கூலி' என்பது கூலம் என்னும் தானியத்தோடு தொடர்புடைய சொல் என்று சொல்லாய்வோர் கூறுவர். உலையில் போடும் தவசம் அது. 'ஊதியம்' என்ற சொல்லோ வள்ளுவர் காலத்தில் ஆதாயம் என்ற பொருளில்தான் வழங்கியது. பிறன் கூலியில் நாம் ஊதியம் தேடினோம்.

மகளிடம் வருவோம். கேட்டறிந்தவற்றையெல்லாம் அவளிடமும் அவள் உம்மாவிடமும் மூன்று இரவுகள் சொன்னோம். கம்பத்தில் ஏறுவதா என்ற அச்சத்துக்கு, ரிலேக்கு அளவு வைக்கும் கணக்கும், மின்நிலைய வரைபடமும், மாநிலம் முழுவதன் மின்தேவையைத் திரையில் பார்த்துக் கட்டுப்படுத்தும் பணியும் மேசைமுன் நடப்பவை என்றோம். சில்லு வடிவமைப்பு என்றொரு துறை உண்டு, பெங்களூரிலும் ஐதராபாத்திலும் சென்னையிலும் பெரிதும் நடப்பது, அதற்கு மேற்படிப்பு இருந்தால் நல்லது, கூலியும் அதிகம் என்றோம். ஓசூர்ப் பக்கம் மின்வண்டிகள் செய்கிறார்கள், அவற்றின் மோட்டாரையும் மின்கலத்தையும் ஆளும் கருவிகளுக்கு இந்தப் படிப்புதான் அடிப்படை என்றோம். தொடக்கத்தில் கூலி குறைவு என்பதையும், முதலில் சில ஆண்டு சைட்டில் நின்றவர்களுக்கே பிற்காலத்தில் மதிப்பு என்பதையும் மறைக்கவில்லை. மச்சானுக்கு இவை எதுவும் பிடிக்கவில்லை. "ஐந்து வருடம் பொறுக்கச் சொல்கிறீர்கள், பெண்ணுக்கு ஐந்து வருடம் யார் பொறுப்பார்கள்?" என்றார். அது நியாயமான கேள்வி. அதற்கு நம்மிடம் விடை இல்லை. மகள்தான், "நான் பொறுப்பேன் மாமா" என்றாள்.

கலந்தாய்வுக்கு முந்தைய விடுமுறையில், இத்தொழில் எப்படியிருக்கும் என்று கண்ணால் பார்க்கட்டும் என்று அவளை இளையவனின் கடைக்கு அழைத்துப் போனோம். உள்ளே எரிந்த வார்னிஷ் வாடை. அவன் எழுந்து நின்று ஸலாம் சொல்லி, ஹஜ்ரத் உட்காருங்கள் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். மகளின் கையில் ஒரு மல்டிமீட்டரைக் கொடுத்து, எரிந்த மோட்டார் ஒன்றின் மூன்று முனைகளைக் காட்டி, "எந்தச் சுருள் போயிருக்கிறது, நீயே அளந்து சொல்லம்மா" என்றான். அவள் முதலில் தவறாகச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை, மீண்டும் அளக்கச் சொன்னான்.

அவள் அளந்துகொண்டிருக்கையில் நாம் சட்டைப்பையிலிருந்து 1,500 ரூபாயை எடுத்து அவன் மேசைமேல் வைத்தோம். எதற்கென்று சொல்ல நாம் வாய் திறக்குமுன் அவன் அதைப் பார்த்தான். மறுப்பான் என்று எதிர்பார்த்தோம். மறுக்கவில்லை. பணத்தை எண்ணி இழுப்பறையில் வைத்தான். பின்னர் அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய கணக்கேடு ஒன்றை எடுத்துப் பக்கங்களைப் புரட்டி, 2022ஆம் ஆண்டின் ஓரிடத்தில் 'பள்ளி மோட்டார் – பாக்கி 1,500' என்று எழுதியிருந்த வரியின் எதிரே அன்றைய தேதியைக் குறித்து, 'வரவு' என்று எழுதினான்.